சின்ன உடம்புக்காரனை யார் பார்ப்பார்கள்? எம்.எம்.ஏ.வின் லேசான எடைப்பிரிவுகள் பற்றிக் குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்து, உதை, மல்யுத்தம், பூட்டு எல்லாம் கலந்த கலப்புத் தற்காப்புக் கலையை, அதாவது எம்.எம்.ஏ.வை, கைப்பேசியில் பார்க்கும் இளைஞர்கள் நம் மாவட்டத்தில் பெருகிவிட்டார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பயிற்சிக்கு வருகிறவர்களும், அவர்களைக் கூட்டி வரும் பெற்றோரும், கபடிக்காரர்களும், அடிமுறை என்ற நம் ஊர்த் தற்காப்புக் கலையின் பழைய ஆசான்களும் கேட்கிற கேள்விகள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. அவற்றில் முக்கியமானவற்றுக்கு என் பதில்கள் இவை. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும், மறைக்கவில்லை.

லேசான எடைப்பிரிவுகள் என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

எம்.எம்.ஏ. போட்டிகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யு.எஃப்.சி. வைத்திருக்கும் மேல்வரம்புகள் இவை: பெண்களுக்கு மட்டுமுள்ள ஸ்ட்ராவெயிட் 52.2 கிலோ, ஃப்ளைவெயிட் 56.7, பாண்டம்வெயிட் 61.2, ஃபெதர்வெயிட் 65.8, லைட்வெயிட் 70.3. மூலக்கணக்கு பவுண்டில் இருப்பதால்தான் கிலோவில் இப்படிச் சில்லறையாக வருகிறது. இதற்கு மேலே வெல்டர், மிடில், லைட் ஹெவி என்று ஏறி, 120.2 கிலோ வரையுள்ள ஹெவிவெயிட்டில் முடிகிறது.

70 கிலோவைச் சின்ன எடை என்று சொன்னால் நம் ஊரில் சிரிப்பார்கள். அதுவும் அந்த 70 கிலோ, எடை பார்க்கும் தட்டில் நிற்கும் அந்த ஒரு நிமிடத்துக்கான எடை. அதே ஆள் சாதாரண நாளில் 77, 80 கிலோ இருப்பார். சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப் என்ற இன்னொரு நிறுவனம் இந்த ஏமாற்று வேலையைத் தடுக்கப் பிரிவுகளை ஒரு படி மேலே தள்ளி வைத்திருக்கிறது. அங்கே ஃப்ளைவெயிட் என்றால் 61.2 கிலோ வரை. இரண்டு நிறுவனங்களின் சண்டைகளையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒப்பீடெல்லாம் தப்பாகப் போகும்.

இந்த விளையாட்டு தொடங்கியபோதே எடைப்பிரிவு இருந்ததா?

இல்லை. 1993 நவம்பரில் டென்வர் நகரில் நடந்த முதல் யு.எஃப்.சி.யில் யாரும் யாருடனும் மோதலாம் என்பதே ஏற்பாடு. அதை வென்றவர் ஹாய்ஸ் கிரேசி. சுமார் 80 கிலோ இருக்கும் ஒல்லியான பிரேசில்காரர். அடுத்த ஆண்டு டிசம்பரில், தன்னைவிட முப்பது கிலோவுக்கு மேல் கனமான டான் செவர்ன் என்ற மல்யுத்த வீரரின் அடியில் நெடுநேரம் அழுந்திக் கிடந்து, கால்களாலேயே அவர் கழுத்தைப் பூட்டித் தோற்கடித்தார். சிறியவன் பெரியவனை வெல்ல முடியும் என்ற ஆச்சரியத்தைக் காட்டித்தான் இந்த விளையாட்டே கடை விரித்தது. பிறகு 1997இல் எடைப்பிரிவு வந்ததும் சிறியவர்களைப் பின்வரிசைக்குத் தள்ளியது, விளையாட்டு தன் பிறப்பையே மறந்த கதை.

லேசான எடை வீரர்களுக்கு ரசிகர்கள் குறைவு என்பது உண்மையா?

பாதி உண்மை. ஃப்ளைவெயிட்டில் நெடுங்காலம் உண்மையாக இருந்தது. லைட்வெயிட்டிலும் ஃபெதர்வெயிட்டிலும் அது பொய்யாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

ஃப்ளைவெயிட் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யு.எஃப்.சி. அந்தப் பிரிவைத் தொடங்கியதே 2012இல்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் டொரண்டோவில் டெமெட்ரியஸ் ஜான்சனும் ஜோசப் பெனாவிடஸும் முதல் பட்டத்துக்காக மோதினார்கள். ஐந்து சுற்றும் நிற்காத ஓட்டம். அரங்கிலிருந்த ஒரு கூட்டம் கூச்சலிட்டுக் கேலி செய்தது. நிறுவனத் தலைவர் டேனா ஒயிட் கோபப்பட்டு, இது பிடிக்காதவர்கள் இனி எங்கள் நிகழ்ச்சியைக் காசு கொடுத்துப் பார்க்கவே வேண்டாம் என்கிற அளவுக்குப் பேசினார். அன்று வென்ற ஜான்சன் ஐந்தடி மூன்று அங்குலம். அடுத்த ஐந்து ஆண்டுகளில் பதினொரு முறை தொடர்ச்சியாகப் பட்டத்தைக் காத்தார். யு.எஃப்.சி.யில் அதற்கு முன் எந்த எடையிலும் எவரும் செய்யாதது அது. ஆனால் அவர் பெயரைத் தலைப்பில் போட்ட நிகழ்ச்சிகளின் பே-பெர்-வியூ விற்பனை, அதாவது ஒரு நிகழ்ச்சிக்கென்று தனியாகக் காசு கட்டிப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை, மந்தமாகவே இருந்தது. 2018 ஆகஸ்டில் ஹென்றி செஹுடோவிடம் மிக நெருக்கமான தீர்ப்பில் தோற்றார். இரண்டே மாதத்தில் அவரை ஒன் சாம்பியன்ஷிப்புக்கு விட்டுக்கொடுத்து, அங்கிருந்து பென் ஆஸ்க்ரன் என்ற வேறொரு வீரரை வாங்கிக்கொண்டார்கள். உலகின் தலைசிறந்த வீரர் என்று பலரும் எழுதியவரைப் பண்டமாற்று செய்தார்கள். அத்தோடு அந்தப் பிரிவின் வீரர்கள் பலரை ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கவும் தொடங்கினார்கள்.

இந்தக் கதையை முழுசாகக் கேட்டவர்கள் "பார்த்தீர்களா, சின்ன ஆளை யாரும் பார்ப்பதில்லை" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்பதற்கு அடுத்த பதில்.

அப்படியானால் மெக்கிரெகருக்கு மட்டும் எப்படி அவ்வளவு கூட்டம்?

கானர் மெக்கிரெகர் புகழ் பெற்றது 65.8 கிலோ ஃபெதர்வெயிட்டில். டப்ளினில் குழாய் வேலை பழகிக்கொண்டிருந்த ஆள். 2015 டிசம்பரில், பத்தாண்டாகத் தோல்வியே காணாத ஹொசே ஆல்டோவைப் பதின்மூன்றே விநாடிகளில் சாய்த்தார். மறு ஆண்டு நவம்பரில் லைட்வெயிட் பட்டத்தையும் பறித்து, ஒரே நேரத்தில் இரண்டு எடைப் பட்டங்களை வைத்திருந்த முதல் யு.எஃப்.சி. வீரரானார். 2018 அக்டோபரில் கபீப் நுர்மகமெதோவுடன் அவர் மோதிய நிகழ்ச்சி 24 லட்சம் பே-பெர்-வியூ விற்றதாகச் சொல்லப்படுகிறது. அந்த நிறுவனத்தில் அதுதான் உச்சம். மோதிய இருவரும் 70 கிலோக்காரர்கள். எந்த ஹெவிவெயிட் சண்டையும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

ஆக, எடைக்கும் புகழுக்கும் நேர்க்கணக்கு கிடையாது. மெக்கிரெகருக்குப் பின்னால் அயர்லாந்து என்ற ஒரு நாடே திரண்டு நின்றது. வாய்ப்பேச்சு இருந்தது. அதைவிட, சொன்னதைச் சொன்னபடி செய்துகாட்டும் இடது கை இருந்தது. கபீபுக்குப் பின்னால் ரஷ்யாவின் தாகெஸ்தான் மலைக் கிராமங்களும், தந்தையிடம் பயின்ற மல்யுத்தமும், தோல்வியில்லாத கணக்கும் இருந்தன. 2020இல் 29 வெற்றி, தோல்வி பூஜ்யம் என்று ஓய்வு பெற்றார். ஜான்சனுக்கு என்ன இருந்தது? அமைதியான குடும்பஸ்தர், வீடியோ கேம் பிரியர், யாரையும் திட்டமாட்டார். அவரை மக்களுக்கு அறிமுகப்படுத்த நிறுவனமும் பெரிதாக மெனக்கெடவில்லை. ஆள் யார் என்று தெரியாமல் ஒருவனுடைய சண்டைக்கு யாரும் காசு கட்டமாட்டார்கள். 57 கிலோவோ 120 கிலோவோ, அது எல்லோருக்கும் பொது.

இன்னொரு சான்று, பிரண்டன் மொரேனோ. மெக்சிகோவின் தீஹுவானா நகரத்துக்காரர். குடும்பத் தொழில், விழாக்களில் உடைக்கும் மிட்டாய்ப் பொம்மைகள் செய்வது. 2018இல் ஃப்ளைவெயிட்டைக் காலி செய்தபோது வெளியே அனுப்பப்பட்டவர்களில் இவரும் ஒருவர். மறு ஆண்டு திரும்பி வந்தார். 2021 ஜூனில் டெய்விசன் ஃபிகெரெய்டோவின் கழுத்தைப் பின்னாலிருந்து நெரித்துப் பட்டம் வென்றார். மெக்சிகோவில் பிறந்து யு.எஃப்.சி. பட்டம் வென்ற முதல் ஆள். குத்துச்சண்டையில் ஊறிய அந்த நாடு அவரைத் தலையில் தூக்கி வைத்தது. யாரும் பார்க்கமாட்டார்கள் என்று மூடப்பார்த்த அதே எடை, வீரர்கள் மோதும் அதே வலைக்கூண்டு. அவரும் ஃபிகெரெய்டோவும் நான்கு முறை மோதினார்கள், நான்கும் பட்டத்துக்காக.

கனமான பிரிவுகளில் நாக் அவுட் அதிகம் என்கிறார்களே?

அது உண்மைதான். உடல் எடை கூடக் கூட அடியின் கனமும் கூடுகிறது; அடி வாங்கும் தாடைக்கும் கழுத்துக்கும் அதே அளவு தாங்குசக்தி கூடுவதில்லை. அதனால் ஹெவிவெயிட்டில் ஒரே அடியில் முடிவது சகஜம். லேசான பிரிவுகளில் நடுவர் தீர்ப்பு வரை போகும் சண்டைகள் அதிகம். முதன்முதலாகப் பார்க்க வருகிறவனுக்கு யாராவது விழ வேண்டும். நம் திருவிழாக் கூட்டத்துக்குக் கடைசி வெடி பெரிதாக இருக்க வேண்டும் என்பதுபோல.

ஆனால் இரண்டு ஹெவிவெயிட்காரர்கள் ஒருவரையொருவர் சாய்க்காமல் மூன்றாம் சுற்றுக்குப் போய்விட்டால் அந்தக் கண்றாவியையும் பார்த்திருப்பீர்கள். இடுப்பில் கை, வாயைத் திறந்தபடி மூச்சு, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து கிடப்பது. அது ரசிகர்கள் பேசாத பக்கம்.

லேசான எடைச் சண்டையில் எதைப் பார்க்க வேண்டும்? வேகமாக எதுவோ நடக்கிறது, புரிவதில்லை.

புரியவில்லை என்பதுதான் பாதிப் பேரின் உண்மையான குறை. "சலிப்பாக இருக்கிறது" என்று சொல்வது கௌரவமாக இருப்பதால் அப்படிச் சொல்கிறார்கள்.

ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 அக்டோபர், லாஸ் வேகாஸ், ஜான்சனும் ரே போர்க்கும். ஐந்தாவது சுற்று. ஜான்சன் போர்க்கின் முதுகுப் பக்கம் நின்று இடுப்பைக் கட்டிப்பிடித்திருக்கிறார். அப்படியே தூக்குகிறார். பின்னால் வீசி எறியப் போகிறார் என்று நாம் நினைக்கிறோம். போர்க்கும் அப்படித்தான் நினைத்திருப்பார். உடம்பு காற்றில் இருக்கும்போதே ஜான்சன் இடுப்பிலிருந்த பிடியை விட்டுவிட்டுப் போர்க்கின் கையைப் பிடித்துக்கொள்கிறார். தரையில் விழும்போது கால்கள் ஏற்கெனவே போர்க்கின் மார்புக்குக் குறுக்கே வந்துகொண்டிருக்கின்றன. அடுத்தது முழங்கைப் பூட்டு. போர்க் சற்று நேரம் தாங்கிப் பார்த்துவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிட்டார். அதுதான் அந்தப் பதினொன்றாவது வெற்றி. அதற்குமுன் நான்கு சுற்று, இருபது நிமிடம் சண்டையிட்ட உடம்பு அது என்பதை மறக்க வேண்டாம்.

இதை நாலில் ஒரு பங்கு வேகத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கையைப் பார்க்காமல் இடுப்பைப் பாருங்கள். லேசான எடையில் ஆட்டம் தீர்மானமாவது ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும் அந்தக் கண்ணிமைப்பில்தான்: நின்றதிலிருந்து பிடிக்கு, பிடியிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து மீண்டும் எழுவதற்கு. கனமானவர்களில் ஒருவர் கீழே போனால் பெரும்பாலும் அங்கேயே கிடப்பார். 57 கிலோக்காரரை யாராலும் கீழே அடக்கி வைத்திருக்க முடிவதில்லை. அந்த எழுச்சியும் அதைத் தடுக்கும் முயற்சியும் சேர்ந்ததுதான் ஆட்டம்.

அடிமுறை பழகியவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

ரசிப்பதற்கு நிறைய இருக்கிறது. நம் ஆசான்கள் முதலில் பழக்குவது சுவடு, அடி பிறகுதான். காலை எங்கே வைக்கிறான், எந்தக் கோணத்தில் விலகுகிறான் என்று பார்க்கும் கண் இந்த மாவட்டத்தில் பலருக்கு வீட்டிலேயே கிடைக்கிறது. டொமினிக் குரூஸ் என்ற முன்னாள் பாண்டம்வெயிட் சாம்பியனின் பழைய சண்டைகளை ஓர் ஆசானிடம் காட்டினால் அவர் அடியைப் பற்றிப் பேசமாட்டார், காலைப் பற்றித்தான் பேசுவார். எதிராளி அடிக்கும் இடத்தில் குரூஸ் இருக்கவே மாட்டார். பூட்டும் பூட்டைப் பிரிப்பதும் பழகியவர்களுக்குத் தரைச்சண்டையும் சீக்கிரம் பிடிபடும்.

மோதுவது வேறு. அடிமுறை தெரியும் என்பதற்காக நேராகக் கூண்டுக்குள் போக முடியாது. மல்யுத்தமும், தரையில் பூட்டிப் பிடிக்கும் ஜியு ஜிட்சுவும் தனியாகப் பழக வேண்டும். எதிர்க்கிற, ஒத்துழைக்காத ஆளுடன் தினமும் மோதிப் பழக வேண்டும். வர்மம் தட்டினால் விழுந்துவிடுவான் என்று சொல்லிக்கொண்டு வருகிற தம்பிகளுக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது. வரட்டும்.

ஆசியாவிலும் சிறியவர்களுக்கு மதிப்பில்லையா?

அமெரிக்கக் கணக்கை உலகக் கணக்காக எடுத்துக்கொள்வதுதான் தவறு. ஜப்பானில் சிறிய எடைக்காரர்களைக் கொண்டாடும் வழக்கம் பழையது. யு.எஃப்.சி. லைட்வெயிட் பட்டத்தையே 2002 முதல் 2006 வரை காலியாகப் போட்டு வைத்திருந்த அதே காலத்தில், அங்கே 'கிட்' யாமமோடோ நோரிபூமி என்ற குள்ளமான வீரர் தொலைக்காட்சி நட்சத்திரம். கோமி தகனோரி பிரைட் நிறுவனத்தின் லைட்வெயிட் நாயகன். ஆண்டிறுதி இரவில் குடும்பத்தோடு சண்டை பார்க்கும் பழக்கம் அந்த நாட்டில் இருந்தது.

தாய்லாந்தில் கேட்கவே வேண்டாம். அந்த நாட்டின் குத்து-உதைச் சண்டையான முவே தாய் என்பதே 50 கிலோ, 60 கிலோக்காரர்களின் உலகம். ரோட்டாங் ஜிட்முவாங்நோன் அந்த நாட்டின் மிகப் பிரபலமான விளையாட்டு முகங்களில் ஒருவர். 2022 மார்ச்சில் ஜான்சனுக்கும் அவருக்கும் ஒரு விசித்திரப் போட்டி வைத்தார்கள்: ஒரு சுற்று முவே தாய் விதி, அடுத்தது எம்.எம்.ஏ. விதி. முதல் சுற்றில் ஜான்சன் தாக்குப்பிடித்தார், இரண்டாவதில் ரோட்டாங்கைக் கழுத்து நெரித்து முடித்தார். அமெரிக்காவில் கூட்டம் சேர்க்கமாட்டார் என்று ஒதுக்கப்பட்ட அதே ஜான்சன் ஆசியாவில் ராஜமரியாதையோடு வாழ்ந்து, 2024இல் ஓய்வு பெற்றார்.

நான் நம் பையன்களிடம் அதிகம் சொல்வது பிலிப்பைன்ஸின் பாகியோ பற்றி. மலைமேல் இருக்கும் ஊர். வூஷூ என்ற சீனத் தற்காப்புக் கலை பழகிய பையன்களை வைத்து அங்கே டீம் லகாய் என்ற பயிற்சிக்கூடம் உருவானது. 2018 முடியும்போது ஒன் சாம்பியன்ஷிப்பின் நான்கு ஆண்கள் பட்டங்கள் அந்த ஒரே கூடத்தில் இருந்தன: எடுவார்ட் ஃபொலயாங், கெவின் பெலிங்கோன், கெஜே யுஸ்தாகியோ, ஜோஷுவா பாசியோ. நால்வரும் லேசான எடைப்பிரிவுக்காரர்கள். தலைநகரமும் இல்லை, பெரிய பணமும் இல்லை. ஊரில் ஏற்கெனவே இருந்த ஒரு கலையை அடித்தளமாக வைத்து, மற்றதை வெளியிலிருந்து கற்றுக்கொண்டார்கள். குமரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் பிரிவுகள் எல்லாமே லேசானவைதானே? அவற்றுக்கு வரவேற்பு உண்டா?

உண்டு என்பது குறைத்துச் சொல்வது. மெக்கிரெகருக்கு முன்னால் யு.எஃப்.சி.யின் மிகப்பெரிய நட்சத்திரம் ரோண்டா ரவுசி. எடை 61.2 கிலோ. 2008 ஒலிம்பிக் ஜூடோவில் வெண்கலம் வென்றவர். பெண்களைச் சேர்க்கவே மாட்டோம் என்றிருந்த நிறுவனம் 2013 பிப்ரவரியில் அவருக்காகவே கதவைத் திறந்தது. 2015 நவம்பரில் மெல்போர்னில் ஹோலி ஹோமிடம் அவர் தோற்ற அன்று அரங்கில் இருந்தவர்கள் 56,000க்கும் மேல்.

சீனாவின் ஜாங் வெய்லி அதைவிடச் சிறியவர், 52 கிலோ. 2019 ஆகஸ்டில் ஷென்ஜென் நகரில் சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன் 42 விநாடிகளில் பட்டம் வென்று, சீனாவின் முதல் யு.எஃப்.சி. சாம்பியனானார்.

இந்தியர்கள் யாராவது?

இருக்கிறார்கள், கவனித்தால், அநேகமாக எல்லோரும் லேசான எடைக்காரர்கள். யு.எஃப்.சி.யில் முதலில் இறங்கிய பரத் கண்டாரே 2017இல் ஃபெதர்வெயிட்டில் மோதித் தோற்றார். உத்தராகண்டின் அன்ஷுல் ஜுப்லி லைட்வெயிட். ஆசிய வீரர்களுக்கான தேர்வுத் தொடரை 2023 பிப்ரவரியில் வென்று ஒப்பந்தம் பெற்றார். மல்யுத்தக் குடும்பத்தின் ரிது போகாட் ஒன் சாம்பியன்ஷிப்பில் இன்னும் சிறிய ஆட்டம்வெயிட் என்ற பிரிவில் 2021 தொடரின் இறுதிப்போட்டி வரை போனார். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டக் கிராமத்திலிருந்து வந்த பூஜா தோமர், வூஷூ பழகியவர், 2024 ஜூனில் ஸ்ட்ராவெயிட்டில் வென்றார். யு.எஃப்.சி.யில் சண்டை வென்ற முதல் இந்தியர் ஆணல்ல, 52 கிலோ எடைப் பெண். இதைச் சொன்னதும் பயிற்சிக்கூடத்தில் சில ஆண்களின் முகம் மாறுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பிடிக்கும்.

என் மகன் எடையைக் குறைக்கிறேன் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறான். இது சரியா?

சரியில்லை. இந்த விளையாட்டின் மிகக் கெட்ட பழக்கம் இதுதான். போட்டிக்கு முந்தின சில நாட்களில் உப்பையும் நீரையும் குறைத்து, வியர்வையாக வெளியேற்றி, ஐந்து கிலோவுக்கு மேல் இறக்கி, எடை பார்த்த பின் மறுபடி குடித்துத் தின்று ஏற்றுகிறார்கள். 2015 டிசம்பரில் மணிலாவில் நடக்கவிருந்த ஒன் சாம்பியன்ஷிப் போட்டிக்காக எடை குறைத்த யாங் ஜியான் பிங் என்ற சீன ஃப்ளைவெயிட் வீரர் இறந்துபோனார். வயது 21. அதன் பிறகுதான் அந்த நிறுவனம் விதிகளை மாற்றி, எடையோடு சேர்த்து உடலில் நீர்ச்சத்து போதுமான அளவு இருக்கிறதா என்றும் சோதிக்கத் தொடங்கியது.

நம் மாவட்டத்தில் காற்றே ஈரமாக இருக்கும். பங்குனி, சித்திரை வெக்கையில் பிளாஸ்டிக் மேலாடை போட்டுக்கொண்டு ஓடுவது உயிரோடு விளையாடுவது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எடை குறைக்கும் பேச்சே வேண்டாம். இருக்கிற எடையில் மோதட்டும், தோற்றால் தோற்கட்டும். ஏற்கெனவே தலைசுற்றல், சிறுநீர் மிகக் குறைந்து கருத்துப்போவது என்று எதையாவது கண்டால் பயிற்சியாளரைக் கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும் வீரனுக்கு ஆகாது என்று சொல்லி டப்பாப் பொடி விற்கிற ஆளை நம்ப வேண்டாம்.

57 கிலோ பையன் இதை நம்பி வாழ முடியுமா?

இப்போதைக்கு இதை மட்டுமே நம்பி முடியாது. யு.எஃப்.சி.க்குள் நுழையும் புதியவர்களுக்கு ஒரு சண்டைக்கு 10,000 முதல் 12,000 டாலர், வென்றால் அதே அளவு இன்னொரு பங்கு என்பதுதான் கடந்த சில ஆண்டுகளாகப் பேசப்படும் தொகை. ஆண்டுக்கு இரண்டு மூன்று சண்டைதான் அமையும். அதில் பயிற்சியாளர், மேலாளர், மருத்துவம், வரி எல்லாம் போக வேண்டும். அதுவும் அந்தக் கதவு வரை போனவர்களுக்கு. உள்நாட்டுப் போட்டிகளில் கிடைப்பது பெரும்பாலும் வழிச்செலவுக்கே சரியாக இருக்கும்.

படிப்பையோ கைத்தொழிலையோ விடாமல் பழகுவதே உத்தமம். ஆனால் எடை குறைவு என்பதற்காக யாரும் பின்வாங்க வேண்டியதில்லை. இந்தியாவில் 93 கிலோவுக்கு மேல் ஒழுங்காக மோதத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எதிராளி கிடைக்காமல் ஆண்டு முழுக்கக் காத்திருப்பார்கள். 57, 61 கிலோவில் போட்டி கிடைக்கும், கடுமையாகவும் இருக்கும். வளர்வதற்கு அது நல்லது. பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்கும் ஆளுக்குக் கிடைக்கும் கைதட்டல் தனக்குக் கிடைக்கவில்லையே என்று ஏங்கும் ஒல்லிப் பையன்களுக்கு, அந்தக் கல்லை யாரும் கூண்டுக்குள் கொண்டுவர முடியாது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கபடி ஆடுகிறவர் மாற முடியுமா?

முடியும். மூச்சுக்கட்டு, காலைப் பிடித்து இழுப்பது, கோட்டருகே உடம்பைத் திருப்பித் தப்புவது எல்லாம் உதவும். முகத்தில் குத்து வாங்கியதும் கண்ணை மூடாமல் இருக்கப் பழகுவதுதான் கஷ்டம்.

சண்டைகளை எப்போது பார்க்கலாம்?

அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் பெரிய நிகழ்ச்சிகள் நமக்கு ஞாயிறு காலையில் வரும். இந்த மாவட்டத்தில் அது திருப்பலி நேரம். தேவாலயத்தின் பின்பெஞ்சில் கைப்பேசியை முழங்காலுக்கிடையில் ஒளித்து வைத்துப் பார்க்கிற தம்பிகளுக்கு ஒரு நல்ல செய்தி: லேசான எடைச் சண்டைகளைப் பல நேரம் முதல் பகுதியிலேயே வைத்துவிடுகிறார்கள். விடியற்காலையில் எழுந்தால் அவற்றைப் பார்த்துவிட்டே கோவிலுக்குப் போகலாம். ஒன் சாம்பியன்ஷிப்பின் பாங்காக் நிகழ்ச்சிகள் வெள்ளிக்கிழமை மாலையில் வருவதால் தொல்லையில்லை.

முதலில் எந்தச் சண்டையைப் பார்க்க வேண்டும்?

மூன்றைச் சொல்கிறேன். முதலாவது, ஃபிகெரெய்டோவும் மொரேனோவும் 2020 டிசம்பரில் மோதிச் சமனில் முடித்தது. ஃப்ளைவெயிட் சலிப்பு என்று சொன்னவர்கள் பலர் அன்றோடு வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டாவது, 2018 ஆகஸ்டில் ஜான்சனும் செஹுடோவும்; யார் வென்றார் என்று நீங்களே சுற்றுக்குச் சுற்று காகிதத்தில் குறித்து, பிறகு தீர்ப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். செஹுடோ 2008 ஒலிம்பிக்கில் 55 கிலோ மல்யுத்தத் தங்கம் வென்றவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அவரை ஜான்சன் எத்தனை முறை தடுத்தார் என்பது இன்னும் ருசிக்கும்.

மூன்றாவது, 2020 மார்ச்சில் ஜாங் வெய்லியும் போலந்தின் யோவானா யென்ஜெய்சிக்கும் ஐந்து சுற்று மோதியது. இரண்டு பேரும் 52 கிலோ. பெண்கள் எம்.எம்.ஏ.வில் அதற்கு இணையான சண்டை இல்லை என்று சொல்பவர்கள் ஏராளம். நானும் அந்தக் கட்சி. கடைசியில் யோவானாவின் நெற்றி அடையாளம் தெரியாமல் வீங்கிவிடும். கூடத்துத் தொலைக்காட்சியில் போட்டால் நான்காவது சுற்றில் வீட்டிலுள்ளவர்கள் அணைக்கச் சொல்வார்கள். காதுக்கருவி மாட்டிக்கொண்டு கைப்பேசியில் பாருங்கள்.